எண்ணெய் ஊசியும் அரசமரமும்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மதுரையில் நடந்த ஆணழகன் போட்டியொன்றில் இரண்டாவதாக வந்தவன். அடுத்த தடவை முதலிடம் வேண்டுமென்ற வெறியில், தேகப்பயிற்சிக் கூடத்துக்கு வந்துபோகும் கம்பவுண்டரிடம் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியவன், கல்யாணத்துக்குப் பின்னும் விடவில்லை. எண்ணெய்போல் கெட்டியான மருந்து. இடுப்பில் ஏற்றினால் இரண்டு நாள் சரியாக உட்கார முடியாது. ஆனால் உடம்பு கும்மென்று ஏறியது.

கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. குறை யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா என் மனைவியை விடியற்காலையில் குளத்துக்கரை அரசமரத்தைச் சுற்றவைத்தாள். ஈரச்சேலையோடு நூற்றெட்டுச் சுற்று. நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். பலத்துக்குப் போடுகிற ஊசி பிள்ளைக்கும் உதவாதா என்று, வாரம் ஒன்றை இரண்டாக்கினேன். என்னைப்போல் ஒரு மடையன் உண்டா!

அந்த வருடம் ஆவணியில் அம்மா எரியோட்டிலிருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

"என் தம்பி மகளப் பேசிட்டு வந்திருக்கேன் அப்பு. தையில முகூர்த்தம். இவளும் இங்கயே இருக்கட்டும், யாரு வேணாங்குறா?"

மனைவி அழவில்லை. மறுநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மாவிடம் சோதித்துக்கொண்டு வந்தாள். "எங்கிட்ட ஒரு கொறையும் இல்லையாம். உங்கள வரச் சொன்னாங்க."

எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் போனேன். டாக்டரம்மா என் விந்தை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். அதற்குள் அப்படி என்னதான் தெரிகிறது என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். முதலில் வேறு யாருடையதையோ வைத்துக் காட்டினார். வால் முளைத்த பொடிப்புள்ளிகள் முட்டிமோதி ஓடிக்கொண்டிருந்தன. அடேயப்பா! கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பிறகு என்னுடையதை வைத்தார். வெறும் வெளிச்சம். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"ஊசி ஏதாச்சும் போடுறீங்களா?"

சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அந்த ஊசியில இருக்குறது ஆம்பளைச் சத்து. அத வெளியேருந்து ஊத்திக்கிட்டே இருந்தா, உள்ள இருக்குற பட்டறை நமக்கென்ன வேலைன்னு கதவைச் சாத்திரும். இன்னையோட நிறுத்துங்க. தொறக்க ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம்."

"தொறக்குமா?"

"பெரும்பாலும் தொறக்கும். சத்தியம் பண்ண மாட்டேன்."

வெட்கத்தில் மூன்று நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள், எரியோட்டுக்கு நிச்சயத் தட்டு கொண்டுபோக அம்மா தாம்பாளம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"கொறை எங்கிட்டதாம்மா."

"ஏலே, இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு ஒனக்கா?"

"இந்த ஒடம்பு ஏத்துன ஊசியாலதான்."

அம்மா தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் எரியோட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள். "இத்தன நாளா நான் சுத்துனேன். நாளையிலருந்து நீங்க சுத்துங்க" என்றாள்.

மறுநாள் விடியலில் ஈரவேட்டியோடு அரசமரத்தைச் சுற்றினேன். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணினாள். நாற்பதாவது சுற்றில் கால் பின்னியது.

"போதுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னைக்காச்சும் போதும்னு சொன்னீங்களா?" என்றாள். "நாப்பத்தொண்ணு."