அத்தை திரும்ப வாங்கிய கார்

ராயபுரத்தில் என் அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு கார் நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். உண்மையில் அது செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் கிடையாது. முன்பக்க மூடியைத் தூக்கினால் உள்ளே பாதி இடம் வெறுமையாக இருக்கும். பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்த வெற்றுக் கார்க்கூடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களால் நிரம்பி வந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு வெல்ல மண்டி. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல், மண்டிகளிலிருந்து வரும் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். அரிசி பருப்புக்குப் போக மிஞ்சியது எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். தெருவில் மற்றப் பெண்கள் சீட்டுக் கட்டிக் குத்துவிளக்கு வாங்கினார்கள். என் அத்தை காரின் முன்விளக்கை வாங்கினாள்.

"ஊர்ல பொம்பளைங்க நகைய மீப்பாங்க. எங்க அக்கா துருவ மீக்கா" என்று அப்பா சொல்வார். அவள் காதில் விழாதபோதுதான் சொல்வார்.

சனிக்கிழமைகளில் பழைய இரும்புக் கடைக்கு அத்தை என்னையும் கூட்டிப் போவாள். கோணி ஊசியைப் பார்த்துப் பார்த்து அவள் கண் மங்கிப்போயிருந்தது. என் கண்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. மாமா தன் காரின் ஒவ்வொரு பாகத்திலும் ஆணியால் ஒரு சின்ன வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் கீறி வைத்திருந்தார். பட்டறையில் விட்டால் நல்ல சாமானை மாற்றிவிடுவார்கள் என்ற பயம். கிரீஸும் மண்ணும் படிந்த இரும்புக் குவியலில் அந்த வட்டத்தைத் தேடுவது என் வேலை. கண்டுபிடித்தால் வழியில் கமர்கட் கிடைக்கும்.

கடைக்காரர் அத்தைமேல் இரக்கப்பட்டு, வட்டம் இல்லாத வேறொன்றை எடுத்து நீட்டுவார்.

"இன்னாமா நீ, இதுவும் அதே மாடலுதான். புச்சு மாதிரி கீது. இத்த எத்துகினு போயேன். சும்மா பேஜார் பண்ணிகினு."

"அதே மாதிரி வேண்டாம்யா. அதுவேதான் வேணும்."

டயருக்கு மட்டும் அவள் அடையாளம் பார்க்கவில்லை. தேய்ந்து தீருவதுதான் அதன் தலையெழுத்து என்று விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் மாமாவின் கீறலோடு வந்தால்தான் வீட்டுக்குள் நுழையலாம். வாங்கியதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைப்பாள். ஆறேழு சாமான் சேர்ந்ததும் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்புவாள். பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்தவர் அவர். மாமாவிடம் சிறு வயதில் வண்டி கழுவியவராம். ஓய்ந்த நேரத்தில் வந்து மாட்டிவிட்டுப் போவார்.

எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. அந்தச் சாமான்களுக்கு அத்தை வைத்திருந்த பெயர்கள். ரேடியேட்டரை அவள் ஆரஞ்சுப் பழம் என்பாள். "ஏட்டி, அந்த ஆரஞ்சுப் பழத்தத் தூக்கி வெயில்ல வை" என்றால் நானும் அவளுமாக ரேடியேட்டரைத் தூக்கி வெயிலில் வைப்போம். முன்விளக்கு இரண்டும் ஊசிமருந்து. கார்புரேட்டர், பார்லிக் கஞ்சி. அதை விளையாட்டு என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் நானும் என் சிலேட்டுக்கு முறுக்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒருநாள் இதை அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. உலை வைத்துவிட்டு வந்து என்னைப் பக்கத்தில் உட்கார்த்திச் சொன்னாள்.

யுத்தத்துக்கு முன்பு மாமா துறைமுக வாசலில் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் அவரைக் கேட்டு வாங்கி ஏறுவார்களாம். யுத்தம் வந்தது, பெட்ரோல் கிடைக்கவில்லை, கார் கொல்லைக்கு வந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்து அத்தைக்கு விஷக் காய்ச்சல். வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டர், ஊசி, ஐஸ், பழம் என்று தினமும் கை நீட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து உதிரிச் சாமான் வராத காலம், இருப்பதற்குக் கிராக்கி. மாமா முழு வண்டியை விற்கவில்லை. என்றைக்காவது ஓட்டிவிடலாம் என்ற ஆசையில் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றார். முன்விளக்கைக் கழற்றிய அன்று ஊசி. ரேடியேட்டர் போன அன்று ஆரஞ்சு. கடைசியாகப் பித்தளை ஹாரன். பத்தியம் முடிந்து எழுந்து உட்கார்ந்த அத்தை ஆட்டுக்கால் சூப்பு கேட்டாளாம். அந்த ஹாரனை அடிக்காமல் அவர் தெருமுனை திரும்பியதே கிடையாது. அதன் ரப்பர் உருண்டையை அமுக்கும் சத்தம் கேட்டுத்தான் அத்தை அவருக்குச் சோறு போடுவாள்.

உடம்பு தேறிய பிறகு எதை விற்று எதை வாங்கினார் என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்பாளாம். அவரும் பெரிய வேடிக்கை போலச் சொல்லிச் சிரிப்பாராம். பிறகு அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். சில வருஷத்தில் மார்வலி வந்து போய்விட்டார். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அத்தை கொல்லைக் கதவைத் திறந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். "இத நான்லா தின்னுட்டேன்" என்றாளாம்.

எனக்கு அது புரிந்த மாதிரி இருந்தது. மறுநாளே போய் அந்த வெற்றுக் கூட்டை எட்டிப் பார்த்து, என் அத்தைக்கு எவ்வளவு பெரிய வயிறு என்று வியந்தேன். அவ்வளவுதான் புரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வண்டி ஏறக்குறைய முழுதாகிவிட்டது. ஹாரன் மட்டும் அகப்படவில்லை. அப்போதுதான் அந்தக் கனவான் வந்தார். பட்டணத்தின் தென்கோடியில் பங்களா. பழைய கார்களைச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. யார் சொல்லியோ எங்கள் சந்துக்குள் சில்க் ஜிப்பாவோடு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோழியை விரட்டிவிட்டு இருக்கையைத் தடவினார். அப்பாவும் மண்டியிலிருந்து ஓடி வந்தார்.

"அம்மா, எல்லாம் ஒரே வண்டிச் சாமான். இப்படி ஒன்று நான் பார்த்ததில்லை. அந்த ஹாரனும் கிடைத்துவிட்டால் நீங்கள் சொல்வதுதான் விலை" என்றார் கனவான். பொய்யான ஆள் இல்லை. அவர் குரலில் நிஜமான ஆசை இருந்தது.

அத்தை அவருக்குக் காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டாள். "கொண்டுபோயி என்ன செய்வீய?"

"ஷெட்டில் வைத்திருப்பேன். தினமும் துடைக்க ஆள் இருக்கிறது."

"ஓட்ட மாட்டியளோ?"

"ஓட்டினால் மதிப்பு குறைந்துவிடுமே."

அத்தை காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா மட்டும் அன்று முழுவதும் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு ஓடு மாற்றலாம், கண் முழுக்கப் போவதற்குள் அக்கா ஊசியைக் கீழே வைக்கலாம். இத்தனை நாள் துரு என்றவர், அன்று முதல் அதைச் சொத்து என்றார்.

ஹாரன் இருக்கும் இடத்தை மெக்கானிக்தான் கண்டுபிடித்து வந்தார். "யக்கா, முகத்துவாரக்குப்பத்துல ஒரு கட்டுமரக்காராண்ட பித்தளை ஹாரன் கீதாம். என் தோஸ்து கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான்."

அடுத்த சனிக்கிழமை காலையில் நானும் அத்தையும் ரயிலேறி எண்ணூரில் இறங்கினோம். அங்கிருந்து மணலில் நெடுந்தூரம் நடை. ஒருபுறம் உப்பங்கழி, ஒருபுறம் கடல். குப்பத்தில் கேட்டபோது ஒரு குடிசையைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கணவர் கடலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அத்தை வந்த காரணத்தைச் சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்த ஹாரன மட்டும் கேக்காதம்மா. அவரு கரை ஏற சொல்லோ அத்த ஊதிகினேதான் வருவாரு. அந்தச் சத்தம் காதுல வுழுந்தாதான் எனுக்கு உசுரு வரும். நீ துட்டக் குட்துட்டு எத்துகினு பூடுவே. அப்பால நான் இன்னாத்தக் கேட்டுகினு குந்திகினு கீறது?"

அத்தை முடிச்சை அவிழ்க்காமல் விட்டாள். திரும்பிப் போகவும் இல்லை. அந்தப் பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்தாள். நான் நண்டு பிடித்தேன், அலுத்துப்போனேன், பசிக்கிறது என்றேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கடலில் கட்டுமரப் பாய்கள் தெரிந்தன. அலைச் சத்தத்துக்கு மேலே கரகரவென்று ஒரு குரல் எழுந்தது. பாம்... பாம். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நான் சிரித்துவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்துவிட்டாள். கலைந்த தலையை இரண்டு கையாலும் ஒதுக்கி, சேலைத் தலைப்பை உதறிச் செருகி, சோறு போட உள்ளே போகிறவள்போல ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து அப்படியே நின்றாள். குடிசை வாசலில் அந்தப் பெண்ணும் தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

மரத்தை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு அந்த மீனவர் வந்தார். மனைவி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். ஹாரனை ஈரத் துண்டால் துடைத்து எங்களிடம் நீட்டினார்.

"உன் வூட்டுக்காரரோடதாமே. எத்துகினு போ யக்கா. துட்டெல்லாம் வாணாம். நான் வாயால கூவிக்கிறேன்."

அவர் மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். உப்பு அரித்த பித்தளையில், வாய்க்குக் கீழே, வட்டமும் புள்ளியும். "அத்தை, இருக்கு! இருக்கு!" என்று கத்தினேன். அத்தை அதை வாங்கி, மணலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை அமுக்கினாள். பிறகு எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கும்மா. இங்கனயே இருக்கட்டும்."

ரயிலில் எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அவர்தான் சும்மாவே கொடுத்தாரே! அத்தையோ அவர்கள் கொடுத்தனுப்பிய மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரும்வரை மாமாவைப் பற்றிப் பேசினாள். அவருக்குப் பாகற்காய் பிடிக்காது, கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது, இப்படி. அதுவரை அவரைப் பற்றி அவள் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. பாதியில் நான் தூங்கிவிட்டேன்.

அந்த மாதமே வண்டி கிளம்பியது. மெக்கானிக் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற, வண்டி இருமி, நடுங்கி, புகையைக் கக்கியது. கோழிகள் சுவரேறிப் பறந்தன. அத்தையைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் மெக்கானிக் ஒரு சுற்று போய் வந்தார். இறங்கியதும் அவள் மெக்கானிக்கிடம், "நீயே வச்சு ஓட்டிப் பொழைப்பா. உன்னால முடிஞ்சதக் குடு" என்றாள்.

அவர் திகைத்துவிட்டார். "இன்னாக்கா சொல்றே? அந்தப் பெரிய மனுசன் கேட்டுகினு கீறாரே!"

"அங்க போனா அது ஒக்காந்துரும். எம் புருசன் இத ஒக்கார வைக்கவா வாங்குனாரு?"

அப்பா ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை. நானும்தான். இத்தனை வருஷம் தேடித் தேடிச் சேர்த்ததை ஒரு மத்தியானத்தில் கொடுத்துவிட்டாளே, அவளுக்கு அதன்மேல் ஆசையே இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். வண்டி துறைமுக வாசலுக்குப் போனது. கொல்லை வெறுமையாகிவிட்டது. அத்தை எப்போதும்போலச் சாக்குத் தைத்தாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. விஷக் காய்ச்சலில் பிழைத்து எழுந்தவள், அதற்குப் பிறகு தன் உடம்புக்கென்று ஒரு பாட்டில் மருந்து வாங்கவிட்டதில்லையாம். காய்ச்சல் வந்தால் சுருண்டு படுத்து அதுவாகப் போகும்வரை கிடப்பாள். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே சீறுவாள். அம்மா அதைப் பிடிவாதம் என்பாள். நான் அதை வீரம் என்று நினைத்து, என் அத்தைக்கு ஊசி மருந்து எதுவும் தேவையில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருந்தேன்.

இந்தத் தடவை அவளாகவே அப்பாவைக் கூப்பிட்டாள். "தம்பி, டாக்டரக் கூட்டிட்டு வா. ஊசி போடணும்னாலும் போடட்டும்."

 அப்பா செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார்.

டாக்டர் வந்து பையைத் திறந்தார். யாரும் சொல்லாமலே அத்தை கையை நீட்டினாள். என் வீர அத்தை கிழவியாகிவிட்டாள் என்று எனக்கு ஒரே ஏமாற்றம். அப்பாவோ சுவர் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கு ஊசியைக் கண்டு இத்தனை பயமா என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.