ஏபி என்று நான் எழுதிய இரத்தம்

என்னுடைய இரத்தம் ஏபி வகை என்று இருபது வருடங்களுக்கு மேலாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் அதைச் சோதித்து எனக்குச் சொல்லவில்லை. நானாக எனக்குக் கொடுத்துக்கொண்டது.

கண்டி நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் பெயின்ட் கலப்பது என் வேலை. படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. கடை வேனை ஓட்டவும் ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் லைசன்ஸ் எடுக்கப் போனேன். படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் எழுதி, இரத்த வகை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஊசி குத்த வேண்டும். ஊசி என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த நாளில் நான் கழிப்பறைக் கூரைக்கு மேலே இருந்தேன். என்னை இறக்குவதற்கு ஏணி கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பின்னால் நின்றவர் தோளுக்கு மேலால் என் தாளை எட்டிப் பார்த்தார். யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது. ஏ, பி, ஏபி, ஓ என்று நாலு வகை இருப்பது மட்டும் தெரியும். அவசரமாக ஏபி என்று எழுதினேன். இரண்டு எழுத்து இருந்தால் ஒன்றாவது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். சோதித்த தாள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அட்டை வந்தபோது ஏபி என்று அச்சாகியிருந்தது. அச்சில் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏபி அபூர்வமானது என்று பிறகுதான் தெரிந்தது. பேசத் தெரியாத, படிப்பில்லாத, பந்தியில் இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சப்படுகிற ஒருவனுக்கு அபூர்வமான ஒன்று கிடைத்தால் எளிதில் விடமாட்டான். நானும் விடவில்லை. நுளம்பு என்னை அதிகம் கடித்தால் அது ஏபியால்தான். பனிக்காலத்தில் எனக்கு மட்டும் குளிர் தெரியாவிட்டால் அதுவும் ஏபியால்தான். கடையில் முதலாளி வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "இவருக்கு ஏபி. தேடினாலும் கெடைக்காத சாமான்" என்பார். ஒருமுறை சீமெந்து வாங்க வந்த ஒருவர், மனைவியின் ஒப்பரேஷனுக்கு ஏபி இரத்தம் தேடுவதாகச் சொல்ல, முதலாளி, "எங்கட கடையிலேயே ஆள் ஈக்கி" என்று என்னைக் கூப்பிட்டார். நான் பின்கட்டில் தின்னர் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். மத்தியானத்துக்குள் அவருக்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். அன்றாவது நான் திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை.

எனக்கும் மனைவிக்கும் ஒரே மகள். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். போன வருடம் அவளுக்குக் குடல்வால் ஒப்பரேஷன் நடந்தது. இரத்த வகை ஓ என்று அப்போது அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. வார்ட்டில் ஊசிகள் இருந்ததால் நான் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தேன்.

இந்த வருடம் அவளுக்குப் பிறப்புரிமையியல், அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ன வருகிறது என்ற பாடம் வந்தது. வீட்டிலுள்ளவர்களின் இரத்த வகையைக் கேட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்ப வரைபடம் கீறிக்கொண்டு வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கெலிஓயாவில் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் மேசையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழித்து அழித்துத் தாள் நடுவில் மெலிந்துபோயிருந்தது.

"அப்பா, உங்க பிளட் குரூப் ஏபிதானே?"

"லைசன்ஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். அது பொய்யில்லை. லைசன்ஸில் அப்படித்தான் போட்டிருந்தது.

"அம்மா பி. நான் ஓ."

"நல்லதுதானே. வீட்டுல எல்லா வகையும் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. குசினியிலிருந்து என் மனைவி, "என்னடி பிரச்சினை?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பரம்பரையலகு இருக்கும்மா. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. நமக்குப் பிள்ளை பிறக்கும்போது அந்த ரெண்டுல ஒண்ணத்தான் குடுக்க முடியும். ஏபி ஆள்கிட்ட ஒரு கையில ஏ, மத்தக் கையில பி. மூணாவது கை இல்ல. ரெண்டுல ஒண்ணக் குடுத்தே ஆகணும். அவருக்கு ஓ பிள்ளை பிறக்காது."

"பிறக்காதுன்னா?"

"பிறக்காது. டீச்சர் என் தாளப் பாத்துட்டு, வேற குடும்பம் ஒண்ணப் போட்டுத் திங்கட்கிழமை கொண்டு வாங்க மகள்ன்னு மெதுவாச் சொன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க, எல்லாருக்கும் கேட்டிருச்சு."

மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒண்ணு, ஆஸ்பத்திரியில என்ன மாத்தியிருக்கணும்."

"இல்லன்னா?"

மகள் பென்சிலைப் பார்த்தாள்.

"இல்லன்னா என்னயச் சொல்லுது ஒன் பாடம். அதானே?" என்றாள் மனைவி. "கல்யாணம் கட்டின நாள்லருந்து இந்த மனுசன் சட்டையில உள்ள பெயின்ட்டத் தேச்சுக் கழுவவே எனக்கு நேரம் பத்தல. இதுல இன்னொருத்தன் வேறயா? இங்க வா." அவள் என் காதைப் பிடித்து மகள் பக்கம் திருப்பினாள். "இந்தக் காது வேற எங்க கிடைக்கும்? கண்டி முழுக்கத் தேடிப் பாரு."

என் காது கொஞ்சம் வெளியே விரிந்த காது. மகளுக்கும் அப்படித்தான். அதற்காகவே அவள் பள்ளிக்கூடத்துக்கு இறுக்கிப் பின்னாமல் தளர்வாகப் பின்னிக்கொண்டு போவாள்.

"காதப் படத்துல போட வேணாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அது எப்படி வருதுன்னு ஒழுங்கா சொல்ல முடியாதாம்" என்றாள் மகள். பிறகு குரல் மாறியது. "நான் வேற குடும்பம் போட மாட்டேன். என் குடும்பம் எதுன்னு எனக்குத் தெரியணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன். அழாததால் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருப்பதாக என் மூளை நினைத்தது.

"லைசன்ஸ்ல பிழையா அடிச்சிருப்பாங்க" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அப்படியா? சரி. திங்கட்கிழமை லீவு போடுங்க. ரெண்டு பேருமாப் போவோம். என் மானத்தப் பிழையா அடிச்ச ஆள் யாருன்னு நான் பாக்கணும். நீங்க நெரப்பின பேப்பர எடுக்கச் சொல்லுவோம்."

அவள் சொன்னால் செய்வாள். சீனி நிறை குறைவென்று தராசோடு கடைக்குத் திரும்பிப் போன பெண் அவள். கவுன்டரில் கை ஊன்றி அவள் நிற்பதும், உள்ளேயிருந்து ஒரு கோப்பு தூசு தட்டப்பட்டு வருவதும், அதில் என்னுடைய கோணல் எழுத்து இருப்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"பேப்பர்ல நான்தான் ஏபின்னு எழுதினேன்" என்றேன்.

"சோதிச்சுட்டுத்தானே?"

"இல்ல."

மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏன் ஏபி?"

"ரெண்டு எழுத்து இருந்திச்சு."

மனைவி கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. "இத்தன வருசமா நுளம்புக்கெல்லாம் காரணம் சொன்னீங்களே" என்றாள். ஆரம்பிப்பாள், முடிக்க முடியாமல் மறுபடி சிரிப்பாள்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல ஏபின்னீங்க. அப்புறம் அடிச்சவங்க பிழைன்னீங்க. இப்ப இதுன்னு சொல்றீங்க. இத நான் எப்படி நம்புறது?"

அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. அது ஊசி முனையில் இருந்தது.

மறுநாள் காலையில் மகளை வெளியே நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய், ஒரு மணித்தியாலம் லீவு கேட்டேன்.

"என்ன விசேசம்?" என்றார் முதலாளி.

"ரத்தம் என்ன வகைன்னு சோதிக்க."

"ஒங்களுக்குத்தான் ஏபியே. அதுல சோதிக்க என்ன ஈக்கி?"

நான் தரையைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்லுங்க தம்பி. நீங்க பெயின்ட்டும் இப்பிடித்தானா கலக்கிய?"

ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் வீதியில் ஒரு சிறிய ஆய்வுகூடம். உள்ளே வெள்ளைக் கவுன் போட்ட பெண் என்னைப் பார்த்ததும், "பய வென்ன எபா", பயப்பட வேண்டாம், என்று சிங்களத்தில் சொன்னாள். நான் பயமென்று சொல்லவேயில்லை. நான் இறுக்கிப் பிடித்திருந்த கதிரைக் கைப்பிடி சொல்லியிருக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொள்ள முயன்றேன்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் பஞ்சால துடைக்கிறாங்க" என்றாள் மகள்.

விரல் நுனியில் ஒரு குத்துத்தான். முழங்கைக்கு உள்ளே பெரிய ஊசி ஏற்றுவார்கள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்து தாளை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்தோம். மகள் உறையைப் பிரித்தாள். பி பொசிட்டிவ்.

மனைவி பி. நானும் பி. மகள் ஓ. எனக்குத் தெரிந்த கலவை பெயின்ட்தான். மஞ்சளோடு மஞ்சளைக் கலந்தால் மஞ்சள்தான் வரும். வெள்ளை பேஸில் ஒருமுறை சாயம் விழுந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் வெள்ளை திரும்பி வராது. ஓ என்பது ஒன்றுமே விழாத வெள்ளை என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருந்தேன். ஊசியும் குத்தி, உண்மையும் சொல்லி, இன்னும் மோசமான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.

"என்னப்பா முகம் இப்படிப் போகுது?"

"ரெண்டு மஞ்சள்லருந்து வெள்ளை எப்படி வரும்?"

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும், நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தாள். "பெயின்ட் மாதிரிக் கலக்காதுப்பா. டப்பா மாதிரி. மூடி திறக்காத ரெண்டு சின்ன டப்பா உங்ககிட்ட இருக்கு. ஒண்ணு பி, ஒண்ணு ஓ. பி ஆட்சியானது, அதனால சோதிச்சா பி மட்டும்தான் தெரியும். ஓ பின்னிடைவானது. பின்னால ஒளிஞ்சிருக்கும். ஆனா கெட்டுப்போகாது, கரைஞ்சு போகாது. அம்மாகிட்டயும் அதே மாதிரி."

உறையின் பின்பக்கத்தில் ஒரு சதுரம் கீறி நாலாகப் பிரித்தாள். மேலே என்னுடைய பி, ஓ. பக்கத்தில் அம்மாவுடைய பி, ஓ. ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றும் எழுதினாள். மூன்று கட்டங்களில் பி இருந்தது. நாலாவதில் ஓவும் ஓவும். அதில் பென்சிலால் தட்டி, "இது நான்" என்றாள்.

"அப்ப நாலு பிள்ளை பெத்தா ஒண்ணு கட்டாயம் ஓவா?"

"இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு என்ன விழுந்துச்சுன்னு அடுத்ததுக்குத் தெரியாது."

"என்கிட்ட ஓ ஒளிஞ்சிருக்குன்னு இந்தத் தாள்ல இல்லையே."

"தாள்ல தெரியாது. நான் உங்க பிள்ளைன்னு வச்சுக்கிட்டா, நான் ஓவா இருக்கிறதாலதான் அது தெரியுது." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. நான் உங்க பிள்ளைதான்னு இது நிரூபிக்கல. இல்லன்னு சொல்ல முடியாதுன்னு மட்டும்தான் காட்டுது. டீச்சர் கேட்டா நான் அப்படித்தான் சொல்லணும்."

"நிரூபிக்கணும்னா?"

"டீஎன்ஏ பாக்கணும். அதுக்கு ஊசி வேணாம், வாய்க்குள்ள பஞ்ச விட்டு எடுப்பாங்க."

ஊசி இல்லையென்றதும் எனக்குத் தைரியம் வந்தது. "வேணும்னா பாப்போம்" என்றேன்.

அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தாள். "வேணாம். நீங்க என் அப்பா இல்லன்னு நான் ரொம்ப நேரம் நினைக்கலப்பா. ராத்திரி கொஞ்ச நேரம்தான். மத்த நேரமெல்லாம் நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னுதான் இருந்துச்சு. அதுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு."

"ஒரு ரோல்ஸ் சாப்பிடுறியா?" என்று கேட்டேன். இரண்டு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவள் தன் சொந்தக் குடும்பத்தின் வரைபடத்தைக் கொண்டுபோனாள். என் சதுரத்துக்குள் பெரிய பி, பக்கத்தில் சின்ன ஓ. கீழே அடிக்குறிப்பு: முதலில் தந்த தகவல் சோதிக்காமல் எழுதப்பட்டது. பின்னேரம் வீட்டுக்கு வந்தவள், டீச்சர் அதைக் கரும்பலகையில் கீறிப் பாடம் நடத்தினார் என்றாள்.

"அடிக்குறிப்பையுமா?"

"முதல்ல அதத்தான் வாசிச்சாங்க. ரெண்டு எழுத்துக் கதையையும் நான் சொன்னேன்."

"பிள்ளைகள் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

"நான்தான் முதல்ல சிரிச்சேன்."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மகள் அவர்களோடு ஏறிக்கொண்டு, ஜன்னலால் எனக்குக் கை காட்டினாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.