ஏலக்காய் ஜீப்பில் வந்த கல்யாணம்

கல்யாணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யும் வேலையை மாப்பிள்ளையிடம் விடவே கூடாது. எங்கள் வீட்டில் விட்டார்கள். தேனியில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறவன், வண்டிக்காரர்கள் எல்லாரும் பழக்கம், இவன் பார்த்துக்கொள்வான் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை. தேவாரத்திலிருந்து எங்கள் சொந்தபந்தம் வர ஒரு பஸ், எனக்கு ஒரு கார், மேகமலையிலிருந்து பெண் வீட்டு ஆட்கள் இறங்க இரண்டு ஜீப். அந்த இரண்டு ஜீப்தான் இதில் முக்கியம்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அம்மா வேலைக்குப் போன நேரமெல்லாம் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில், அக்கம்பக்கத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். நிச்சயம் முடிந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சேலை, நகை எல்லாம் உங்க வீட்டு இஷ்டம். எங்க லைன் ஆளுக ஒருத்தர் விடாம வந்து தாலியத் தொட்டுக் குடுக்கணும். எனக்கு அது போதும்."

"அது என் பொறுப்பு" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

சின்னமனூர் மண்டபத்தில் காலை எட்டு மணிக்குள் முகூர்த்தம். அன்று விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறி ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடும் என்று திட்டம் போட்டிருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் அவள் போன் செய்தாள். அவளும் அம்மாவும் அதற்குள் சின்னமனூரில் உறவினர் வீட்டுக்கு இறங்கியிருந்தார்கள். என் திட்டத்தைப் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"மலையடிவாரத்துல பாரஸ்ட் கேட்ட காலையில ஆறு மணிக்குத்தான் தொறப்பாக. அதுக்கு முன்னாடி யாரு தொறந்து விடுவா, யானையா?"

அடக் கொடுமையே! ஆறு மணிக்கு மேல் அந்த ரோட்டில் ஏறி இறங்கினால் இங்கே பந்தியே முடிந்துபோகும். முந்தின நாளே, கேட் அடைப்பதற்குள், எல்லாரையும் கீழே கொண்டுவந்தாக வேண்டும். நான் பேசியிருந்த ஜீப்புகளுக்கோ அன்றைக்கு வேறு சவாரி.

"சரி விடுங்க. வர முடிஞ்சவுக வரட்டும்" என்றாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெரிந்த வண்டிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். முகூர்த்த நாள், ஒருவரும் சும்மா இல்லை. மிச்சம் இருந்தவை எங்கள் ஊர் ஏலக்காய் ஜீப்புகள்தான். தினமும் விடியலில் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்ததும் திரும்புகிற வண்டிகள். மறுநாள் விடியலில் போய் நின்றேன். டிரைவர் கையை விரித்தார்.

"எங்கிட்ட ஏன்ப்பா கேக்குற? அந்தா ஒக்காந்திருக்காகளே, அவுகளக் கேளு."

உள்ளே மடியில் தூக்குச்சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் எங்கள் தெரு அத்தை. சொந்தம் இல்லை, கூப்பிடுவது அப்படி.

"ஏலே, விடிஞ்சாக் கல்யாணம். மாப்ள இங்கன என்ன செய்யிறாக? காய் பறிக்க வாராகளோ?"

ஜீப்பே சிரித்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. காய் பறிப்பு மும்முரமாக நடக்கிற நேரம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அது தெரிந்தே கேட்கிறேனே என்று நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

அத்தை பின்னால் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எறங்குங்கடி. தகப்பன் இல்லாத புள்ள. வளத்தவுக வராம எப்படிக் கழுத்த நீட்டுவா?"

"கட்டிட்டு வந்த சோத்த வீட்ல போய்த் திங்கணுமாக்கும்" என்று முனகிக்கொண்டே ஒருத்தி இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். அத்தை நேரே அடுத்த ஜீப்புக்குப் போய் அதையும் காலி செய்தார்.

அன்று சாயங்காலம் டிரைவர் போன் செய்தார். "கேட்டத் தாண்டியாச்சு. ஒருத்தர் பாக்கியில்ல." கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். வெட்கமாகவே இல்லை.

மறுநாள் தாலித் தட்டு மண்டபத்தைச் சுற்றி வந்தது. குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டிய மணப்பெண், தட்டு போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தாலியைத் தொட்டன. கடைசி வரிசையில் பட்டுச் சேலையில் ஜீப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் தொட்டுக் கொடுத்தார்கள்.

தாலி கட்டி, என் துண்டையும் அவள் முந்தானையையும் முடிச்சுப் போட்டு, மணவறையைச் சுற்றி முடித்தோம். அடுத்து என் அப்பா அம்மா காலில் விழவேண்டும். அவர்கள் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஜீப்ப விட்டுக் குடுத்தவுக யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள். கையைக் காட்டினேன். அவ்வளவுதான், மேடையை விட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். முடிச்சில் கிடந்த நானும் பின்னாலேயே ஓடினேன். கடைசி வரிசைக்குப் போய் அத்தை காலில் விழுந்தாள்.

"அய்யய்யோ ஆத்தா, எந்திரி! புதுச் சேலை அழுக்காகுது!" என்று அத்தை பதறினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

முடிச்சு இழுத்ததில்தான் நானும் விழுந்தேன் என்று அப்பா இன்றைக்கும் கேலி செய்வார். இழுக்காவிட்டாலும் விழுந்திருப்பேன்.