கேப்டனுக்கு நான் சொன்ன பதில்

நம்புகிறவர்கள் நம்பலாம். கதை விடுகிறான் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்று நான் குடித்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. ஐஸ் கம்பெனியில் ஏழு வருடமாக ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராது.

தாத்தா இறந்தபோது அவருக்குத் தொண்ணூற்று நான்கு வயது. பதினெட்டில் பட்டாளத்தில் சேர்ந்து, போருக்குப் போய், இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் திரும்பியவர். எங்கள் வீட்டை அவர்தான் கட்டினார். சர்ச்சுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது கல் சுமந்தார். பாட்டியையும் பெற்றதில் இரண்டு பேரையும் அவரே குழியில் இறக்கினார். ஒரு நாள்கூட ஜெபமாலை தவறியதில்லை.

ஜெபமாலை முடிந்ததும் எங்கள் வீட்டில் இன்னொன்று நடக்கும். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். டக். டக். பிறகு பட்டாளத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எல்லாருக்கும் அவர் வைத்த பட்டப்பெயர்தான். என் அப்பா 'தச்சன்'. அத்தை 'டீச்சர்'. "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மூன்று தடவை கூப்பிடுவார். அதோடு விட்டுவிடுவார்.

முதல் பெயர் எப்போதும் 'கட்டையன்'. அது யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை கூப்பிட்டு, ஒரு மூச்சு நேரம் இருட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

ஒருவர் பெயருக்கு இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது. சின்ன வயதில் அத்தை ஒருமுறை விளையாட்டாக அப்பாவுக்குப் பதில் சொல்லிவிட்டாளாம். அன்று ராத்திரி தாத்தா சாப்பிடவே இல்லையாம்.

சின்னப் பிள்ளைகள் எல்லாரும் மொத்தமாக 'பொடிசுங்க'. பதினெட்டு வயதானால்தான் தனிப் பெயர். என் பெரியப்பா மகன் அந்த வயதில் பட்டாளத்துக்குப் போனான். அன்றே 'கேப்டன்' ஆனான். நான் அந்த வயதில் காலேஜை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். எனக்குப் பெயர் வைக்கவில்லை. கடைசி வரை 'டேய்'தான்.

கேப்டன் ஊரில் இல்லாத நாளிலும் அவன் பெயரைக் கூப்பிடுவார். "டியூட்டி" என்று தானே சொல்லிக்கொள்வார். நானும் தினம் ராத்திரி டியூட்டியில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிட்டதாக யாரும் சொன்னதில்லை. விடிந்து வந்து குளிப்பாட்டுவது நான். நகம் வெட்டுவது நான். சோப்பு போடும்போது கேட்பார்: "கேப்டன் போன் பண்ணானா?"

அவன் மேல் எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாவதற்கு முன் நான்கு மாதம் தாத்தாவுக்குப் பேச்சு வரவில்லை. பக்கவாதம். நாக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்த மறுநாள் காலை அடக்கம். தாத்தாவை முன்னறையில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். மார்மேல் அவருடைய மெடல்கள். கையில் ஜெபமாலை. கேப்டன் சாயங்காலம்தான் வந்து இறங்கினான். வந்த உடனே தலைமாட்டில் அவனுக்கு இடம் விட்டார்கள். திருப்பலி முடிந்து தாத்தாவைப் பற்றிப் பேசப்போவதும் அவன்தான்.

"டேய் தம்பி, தாத்தா எத்தனை வருஷம் சர்வீஸ்ல இருந்தார்?"

"நீதானே பேசப்போற. நீயே சொல்லு."

"கூடவே இருந்தவன் நீதானேடா."

"கூட இருந்தவனுக்கு மைக் கிடையாதுண்ணே."

சிரித்தான். அவனுக்கு எதுவும் உறைக்காது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "ஒரே அசதியா இருக்குடா" என்று உள்ளறைக்குப் போய்ப் படுத்தான்.

அத்தை சொன்னாள்: "பெட்டிக்குப் பக்கத்துல நீயே உக்காந்துக்கோ. உனக்குத்தான் முழிச்சுப் பழக்கம். எங்களுக்கு இதுக்கு மேல முடியாது."

அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அத்தை பாயில். நானும் பெட்டியும் மட்டும்.

கம்ப்ரசர் சத்தம் எனக்கு அத்துப்படி. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரண்டரை மணிக்கு நின்றது. திரும்ப ஓடவில்லை. எழுந்து பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் இருந்தது. ஆனால் அறை முன்பைவிடச் சில்லிட்டது.

அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன்.

ஐஸ் பெட்டிக் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கும். அது வழக்கம்தான். துணியால் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன்...

ஆவி உள்பக்கம் படிந்திருந்தது. அவருடைய வாய்க்கு நேராக.

உள்ளே சூடாக ஏதாவது இருந்தால்தான் அப்படிப் படியும்.

மணி 2.40.

டக். டக்.

கைத்தடி மூலையில் சாய்ந்தபடியே இருந்தது. சத்தம் வாசல் பக்கமிருந்து வந்தது.

"கட்டையன்."

தாத்தாவின் குரல். நான்கு மாதத்துக்கு முந்தைய குரல். கணீரென்று.

ஒரு மூச்சு நேரம்...

கேட்டுக்கு வெளியே இருட்டிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேன்."

இளசான குரல். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும்.



"தச்சன்."

அப்பா அசையவில்லை. மூன்று தடவை. பதில் இல்லை.

"டீச்சர்."

மூன்று தடவை. பதில் இல்லை.

"கேப்டன்."

பயத்திலும் எனக்கு எரிந்தது. செத்த பிறகும் அவனா?

"கேப்டன்."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ மூச்சுக்குத் திணறுகிற சத்தம்.

"கேப்டன்."

இது மூன்றாவது. இதோடு விட்டுவிடுவார். ஆனால் என் வாய் திறந்துவிட்டது. அந்த ஒரு தடவையாவது அவனுக்கு உரியது எனக்கு வரட்டும் என்று...

"இருக்கேன்."



வாசல் பக்கமிருந்த இருட்டு என் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது.

டக். டக்.

"ஆந்தை."

அப்படி ஒரு பெயரை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. எந்தச் செத்த சிப்பாயோ என்று நினைத்தேன். அவனுக்குக்கூட ஒரு பெயர் வைத்திருக்கிறார் பாரு என்றுதான் தோன்றியது.

யாரும் பதில் சொல்லவில்லை.

கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

விடிந்ததும் கேப்டன் வெளிறிப்போய் வெளியே வந்தான்.

"ராத்திரி நெஞ்சை அடைச்சிருச்சுடா. மூச்சே இல்ல. தாத்தா கூப்பிடறார், என்னால வாயத் திறக்க முடியல. மூணாவது தடவை யாரோ பதில் சொன்னாங்க. உடனே மூச்சு வந்துருச்சு."

"யாரு சொன்னது?"

"தெரியலடா. ஆனா அது என் குரல் மாதிரியே இருந்துச்சு."

திருப்பலியில் நன்றாகவே பேசினான். எல்லாரும் அழுதார்கள். திரும்பிப் போனதும் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறான். இந்த இதயத்தோடு எப்படி உயிரோடு இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறான்.

தாத்தாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அத்தையிடம் கேட்டேன்.

"அந்தக் கட்டையன் யாரு அத்தை?"

மடித்த வேட்டியை மறுபடி பிரித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தார். இனிமே என்ன? பட்டாளத்துல அவரோட கூட்டாளி. ஒரு நாள் ராத்திரி ஆஜர் எடுக்கும்போது உன் தாத்தா வரத் தாமதம். மாட்டிக்கக் கூடாதேன்னு அந்தப் பையன் இவர் பேருக்கு 'இருக்கேன்'னு சொல்லிட்டான். அன்னைக்குக் காவல் டியூட்டி இவர் பேருக்கு விழுந்துச்சு. பதில் சொன்னவன்தானே போகணும்? போனான். காலையில கம்பளியில சுத்திக் கொண்டு வந்தாங்க."

கையிலிருந்த சட்டையை நான் கீழே வைத்தேன்.

"அப்போ... ஆந்தைன்னு யாரு?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா? நீதான்டா."

"நானா?"

"நாங்க எல்லாரும் படுத்ததும் கேட்டைப் பூட்டப் போவாரே... அங்கயே நின்னு, ஐஸ் கம்பெனிப் பக்கம் பாத்து ரெண்டு தட்டு தட்டுவார். 'ஆந்தை'ன்னு கூப்பிடுவார். அவரே 'டியூட்டி'ன்னு சொல்லிக்குவார். ஒரு நாள் விட்டதில்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"லீவு நாள்லகூட நீ ஜெபத்துக்கு உக்காந்ததில்லையே. வந்து உக்காரட்டும், அப்போ சொல்லிக்கலாம்னு இருந்தார். நீ வரவே இல்ல."

இது நடந்து இருபது நாள் ஆகிறது. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். ஆறு பெரிய கம்ப்ரசர்கள் ஓடுகிற இடம். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது.

ஆனால் அது கேட்கிறது. தினம் 2.40க்கு. டக். டக்.

முதலில் கூப்பிடுகிற பெயரும் கேட்கிறது. அதற்கு அந்த இளசான குரல் சொல்கிற பதிலும் கேட்கிறது. முதல் நாள் அது கேட்டுக்கு வெளியே இருந்தது. இப்போது குளிர் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம்.

அதற்கு அடுத்தது நான்தான். வேறு பெயர்கள் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்துகிறது.

கேப்டனை மூன்று தடவை கூப்பிட்டார்.

என்னை முதல் நாள் ஒரு தடவை. அதற்குப் பிறகு நேற்று வரைக்கும் தினம் இரண்டு தடவைதான்...