இங்கிலீஷில் ஒரு 'ங்க'

கோபிசெட்டிப்பாளையத்தில் பிறந்த என் அம்மாவுக்கு அமெரிக்காவில் பழகாமல் போனது ஃப்ரீவேயோ டிஷ்வாஷரோ அல்ல. இங்கிலீஷில் 'ங்க' இல்லாததுதான். எங்கள் பக்கத்தில் மாட்டைக்கூட "அந்தப் பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவார்கள் என்று அப்பா கேலி செய்வார். அப்படிப்பட்ட ஊர்க்காரருக்குத் தாத்தா வயது ஆளையும் 'யூ', எட்டு வயது மகளையும் 'யூ' என்று சொல்ல வாய் வருமா? டெக்சாஸுக்கு வந்து நான்கு வருஷமாகியும், இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்ட் மாடியை விட்டு அம்மா அதிகம் இறங்கவே இல்லை.

தொண்ணூற்றேழில் கிரீன் கார்டு வந்தது, அம்மாவும் வேலைக்குப் போகலாம் என்றாயிற்று. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு என் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்த அம்மா, அடுத்த தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் துள்ளி எழுந்தார். படிப்பு இருந்தது, ஆசை இருந்தது, பேச்சுதான் இல்லை. "இந்த வேலையும் கிடைக்கலீன்னா நான் ஊருக்கே போயிடறனுங்க" என்று அப்பாவிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அப்படித்தான் கீழ்வீட்டு ஹங்கேரி ஆன்ட்டியிடம் பாடத்துக்குப் போனோம்.

ஆன்ட்டி ஒரு நடிகை. முன்னாள் நடிகை என்றால் கோபம் வரும். இருபது வயதில் ஹங்கேரியிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்தவர். முகம் அழகு, நாக்குதான் இங்கிலீஷுக்கு மடங்கவில்லை. அதனால் ரஷ்ய உளவாளி, இத்தாலி வேலைக்காரி, பிரெஞ்சுச் சீமாட்டி என்று தேசம் தேசமாக வேஷம் கொடுத்தார்களாம். ஒருமுறை பொட்டு வைத்து இந்திய மகாராணியும் ஆக்கியிருந்தார்கள். அந்தப் போட்டோ சுவரில் தொங்கியது. பொட்டு ரொம்ப மேலே ஏறிவிட்டது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். முப்பது வருஷம் நடித்தும் ஹங்கேரிக்காரியாக மட்டும் ஒரு படத்திலும் வரவில்லை என்று ஆன்ட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் அவரை டெக்சாஸுக்குக் கொண்டுவந்தது. கணவர் போனபின் பெரிய வீட்டை விற்றுவிட்டு எங்களுக்குக் கீழே குடிவந்திருந்தார்.

சனிக்கிழமைதோறும் பாடம். இலக்கணமெல்லாம் கிடையாது, முழுக்க சினிமாதான். வாசலில் ஒரு நொடி நிற்க வேண்டும், மோவாயைத் தூக்க வேண்டும், எல்லோரும் நம்மைப் பார்த்த பிறகே வசனம். முதல் பாடம் அறிமுகம்: என் பெயர் இது, மாடியில் குடியிருக்கிறேன், இவள் என் மகள்.

ஆன்ட்டிக்கு எல்லோருமே டார்லிங். நான், அம்மா, தபால்காரர், வாடகை வாங்கும் மேனேஜர், ஒருவரும் தப்பவில்லை. ஷூட்டிங்கில் அமெரிக்கப் பெயர்கள் அவருக்கு மனதில் நிற்காதாம். டைரக்டரிலிருந்து லைட் பிடிப்பவர் வரை டார்லிங் என்று அழைத்துவிட்டால் ஒருவருக்கும் மனக்குறை இல்லையாம். அவர் பேசிய வேகத்தில் இந்தக் காரணம் அம்மாவின் காதில் விழவில்லை. டார்லிங் மட்டும் விழுந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன் கண்ணு" என்றார், படியேறும்போது. "இங்கிலீசுலயும் 'ங்க' இருக்குது. சரிங், இல்லீங், டார்லிங். கடைசில 'ங்' வருது பாரு. நான் புருசனுக்கு மட்டும் சொல்றதுன்னு நெனச்சிருந்தேன். 'ங்க'வும் புருசனுக்குச் சொல்றதுதானே!"

எனக்கு விஷயம் தெரியும். ஆனால் பள்ளியில் போட்டோ எடுத்த அன்று தலையில் எண்ணெய் வழிய என்னை அனுப்பிவைத்த கோபம் இன்னும் பாக்கி இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இன்டர்வியூவுக்கு என்னையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அம்மா வாசலில் ஒரு நொடி நின்றார், மோவாயைத் தூக்கினார். அதுவரை பிரமாதம். பிறகு "யெஸ், டார்லிங்", "நோ, டார்லிங்", "ஐ லைக் சில்ட்ரன், டார்லிங்" என்று மரியாதையைக் கொட்டினார். டேகேர் தலைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அம்மா ஊருக்குப் போய்விட்டால் அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு உறைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார் அம்மா. நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து டேகேரிலிருந்து போன் வந்தது. அங்கே இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பட்டாளம் இருந்தது, டார்லிங் சொல்லாமல் அங்கே ஒரு வேளை சோறு இறங்காது. அம்மாவுக்கு அது ஏற்கெனவே பழகியிருப்பது தலைவிக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். குடி கெட்டது என்று உட்கார்ந்திருந்த வீட்டில் கேசரி கிளறினார்கள். முதல் கிண்ணம் கீழ்வீட்டுக்குப் போயிற்று.

ஒரு வருஷத்தில் அம்மா பிள்ளைகளின் பெற்றோரிடம் போனில் அரைமணி நேரம் பேசுகிறவராகிவிட்டார். சனிக்கிழமைப் பாடம் மட்டும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதோடு, முன்னேறவும் இல்லை. ஆன்ட்டி கதவைத் திறந்து, ஏதோ விற்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பார். அம்மா ஒரு நொடி நின்று, மோவாயைத் தூக்கி, முதல் பாடத்தை நிதானமாக ஒப்பிப்பார்: என் பெயர் இது, மாடியில் குடியிருக்கிறேன், இவள் என் மகள். அதைக் கேட்ட பிறகுதான் ஆன்ட்டியின் முகம் மலரும். "கம் இன், டார்லிங்!" என்பார். உள்ளே போனதும் நான் என்ன வகுப்பு என்று போன வாரம் கேட்டதையே கேட்பார். மகாராணி கதை முதலிலிருந்து தொடங்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, யூ ஆல்ரெடி நோ திஸ் லெசன்!" என்று படியிலேயே கத்தினேன்.

"சொன்னா என்ன கண்ணு, வாய் தேஞ்சா போயிரும்?" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, அம்மா கதவுக்கு முன்னால் நின்று ஒப்பிக்கத் தொடங்கியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எம்.எஸ்ஸி. படித்தவர், ஒரு வருஷமாக முதல் பாடத்தையே தாண்டவில்லையே என்று அப்போது எனக்கு அவமானமாக இருந்தது.