செம்பருத்திக்கு ஒரு கிராப்

எங்கள் மாமா முடிதிருத்தும் கடைக்காரர். கலைந்த எதையும் அவர் கண் பொறுக்காது. வாசல் செம்பருத்திக்கும் வாராவாரம் ஒட்ட கிராப் வெட்டிவிடுவார். நுனியோடு மொட்டும் போய்விடும். "பூக்காத செடியைத் தலையில கட்டிட்டான்!" என்று நர்சரிக்காரனைத் திட்டித் தீர்ப்பார்.

அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக் கத்திரிக்கோலை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். மாமா வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். கடைக் கத்திரியைச் செடியில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. செம்பருத்தி பரட்டைத் தலையாக வளர்ந்து, கிளைக்குக் கிளை சிவப்பாகப் பூத்தது.

பக்கத்து வீட்டுக்காரர் அசந்துபோனார். "என்ன உரம் போட்டீங்க?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "உரமெல்லாம் இல்லீங்க. எல்லாம் இந்தக் கையோட ராசி."

"ஆமாங்க," என்றார் அத்தை. "அந்தக் கை கொஞ்ச நாள் சும்மா கிடந்துச்சுல்ல, அதான் பூத்துடுச்சு."