கார்டு இல்லாத திங்கட்கிழமை

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஊரில் எனக்கு நல்ல பெயர். யார் வாங்குவதாக இருந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு லாயக்கு என்பது எனக்குத்தான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்பு எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் என்று வீட்டில் முடிவாயிற்று. வீட்டிலிருந்தபடியே பார்க்கிற பிழைதிருத்தும் வேலைக்கு அக்கா முயன்றுகொண்டிருந்தாள். எனக்கு கேம் விளையாட வேண்டும். பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டேன். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் என்பதில் சந்தேகமே இல்லை. மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டில் எங்கள் வீட்டுக்கு எட்டுகிற சிக்னலில் அப்டேட் தானாக இறங்க ஆரம்பித்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. லினக்ஸில் நான் சொன்னால்தான் இறங்கும். கேம் படங்களை ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டும் அப்படிப் பார்த்து எடுத்ததுதான். அதற்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடும், தனியாக இறக்க வேண்டியதில்லை. அதுவரை எல்லாம் சரி.

தப்பு, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரில். ஒரே ப்ராசசர் இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்றில் திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளேயே இருந்தது. இன்னொன்றில் அது கிடையாது, விலையும் குறைவு. அதோடு கார்டு இருந்தால்தான் திரையில் எதுவும் தெரியும். நான் இரண்டாவதை எடுத்து, மிச்சம் பிடித்ததைப் பெரிய கார்டில் போட்டேன்.

"ரெண்டுக்கும் என்ன கண்ணு வித்தியாசம்?" என்று அக்கா கேட்டாள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லீங்கக்கா" என்றேன்.

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் என்னோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் வீட்டில் நெட் பறக்கும், ஆனால் அவனுடைய கார்டு கேமுக்கு உதவாது. ஒரு சனிக்கிழமை எங்கள் கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்காவிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு அந்த வேலைக்கான ஆன்லைன் தேர்வு. போனில் எழுத முடியாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும். மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிறு சாயங்காலம் வந்ததும், திங்கட்கிழமை முதல் பஸ்ஸே போதும் என்று நினைத்தேன்.

மலைப்பாதை வளைவொன்றில் மரவள்ளி ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரையிலிருந்து அக்கா மூன்று முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. எடுத்து உண்மையைச் சொல்லியிருந்தால் பக்கத்திலிருக்கிற செம்மேட்டுக்கு ஓடி எங்காவது ஒரு கம்ப்யூட்டரில் எழுதியிருப்பாள். அது அப்போதே எனக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளி மாதிரி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்றரை. பக்கத்து வீட்டில் கரண்ட் எப்படி இருக்கிறது என்று கேட்க அக்கா போயிருந்தாள். அவசர அவசரமாகக் கார்டை மாட்டினேன். அவள் உள்ளே வந்தபோது திரை பளிச்சென்று எரிந்தது. அவள் கண் சிவந்திருந்தது.

"ஃபேன் சுத்துச்சு, லைட்டு எரிஞ்சுது, திரை மட்டும் வரவே இல்ல சாமி. நீ என்ன பண்ணுன?"

"கரண்டு கம்மியா இருக்கறப்பப் போட்டிருப்பீங்க. அதான் காட்டல. இப்பச் சரி பண்ணீட்டேன்."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கவில்லை. கம்ப்யூட்டர் முழுக்க எனக்கே ஆயிற்று. அக்காவுக்கு ஆர்வம் விட்டுப்போச்சு என்று எல்லோரிடமும் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் செய்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அத்தை, கல்லூரிக்குப் போகிற மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு வந்தார். எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்: "திரைக்குப் படம் அனுப்பற வசதி உள்ளயே இருக்கற ப்ராசசரா எடுங்க. கார்டு இல்லீன்னாலும் ஓடும்." வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, அத்தை போனதும் கேட்டாள்.

"நம்மளதுல அது இல்லையா கண்ணு?"

"இல்லீங்கக்கா."

"அப்பக் கார்டு இல்லாட்டித் திரை வராதா?"

அவள் சந்தேகத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. துண்டு, பஸ், எடுக்காத போன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் கெடுக்கலையா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நாந்தான் கரண்டு பாக்காமப் போட்டுக் கெடுக்கப் பாத்தேன்னு நெனச்சேன். இன்னொருக்காத் தொட்டா எரிஞ்சு போயிருமோன்னுதான், அப்பறம் கிட்டவே போகல."

தேர்வு போனதற்கு மன்னிப்புக் கேட்க நாலு வருஷமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நான் சொன்ன பொய்யால் அவளுக்கு வந்த பயத்துக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை.